சொப்புவை எழுதியவர் பங்கஜவல்லி

தேனாம்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். ஏணியின் மேல் நின்று கடைசி எழுத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தபோது கீழே, ஒருகாலத்தில் என்னோடு வேலை செய்த மேரியின் குரல் கேட்டது.

"அண்ணாத்தே, கீய எறங்கு."

"ஒரே ஒரு எழுத்து பாக்கி. இரு மேரி."

"எறங்குன்றேன்ல. பங்கஜக்கா பூட்டாங்க."

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பெயின்ட் டப்பா கவிழ்ந்ததும் கடைக்காரர் கத்தியதும் மட்டும் நினைவில் இருக்கின்றன. காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கணவர் சிவராமன் தெருமுனைக்கு ஓடி டாக்சி கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. பிஸ்கட் விளம்பரப் படங்களில் வசன உதவியாளராக இருந்த திருமதி பங்கஜவல்லி சிவராமன் மயிலாப்பூரில் காலமானார் என்று. அவர் காலமானது மந்தைவெளியில். அதுகூடச் சரியாக இல்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் மூட்டியது அந்த 'உதவியாளர்' என்ற சொல்தான்.

அஞ்சலிக் கட்டுரையில் கோபம் கூடாது என்று நண்பர்கள் இருவர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். இறந்தவருக்கு அது மரியாதை இல்லையாம். அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குச் செய்யப்பட்டவை மட்டும் மரியாதையா என்று கேட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம், நம் ஊர்த் தியேட்டர்களில் மெயின் படம் தொடங்குமுன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கார்ட்டூன் காட்டுவார்கள். துரை என்று ஒரு பையன், சொப்பு என்று அவன் தங்கை, போஸ்டர் தின்னும் ஓர் ஆடு, ஜமீன் மீசை வைத்த ஒரு திருட்டுப் பூனை. கடைசியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்து நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு புதுப் படம் வரும். அதற்காகவே பிள்ளைகள் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு முன்னதாகவே தியேட்டருக்குள் ஓடுவார்கள். அந்தப் படங்களை வரைந்தவர்களில் நானும் ஒருவன். சொப்புவுக்குக் குரல் கொடுத்தவள் ராயப்பேட்டை மேரி. முதல் இரண்டு படங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியவர் பங்கஜவல்லி.

படங்களை எடுத்த கம்பெனி தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு ஜவுளிக் கிடங்கின் மாடியில் இருந்தது. முதலாளி தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த ஜவுளிக் குடும்பத்துக்காரர். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அத்தனை வருஷம் பங்கஜவல்லியின் பெயரை அவர் ஒரு படத்திலும் போடவில்லை. இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாமல் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பங்கஜவல்லி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவர். வானொலிக்குச் சிறுவர் நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் முதலாளி அவரை அழைத்தார். அவர் முதன்முதலில் மாடியேறி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். நீல நூல் புடவை, கையில் ஒரு குடை. முதலாளி அவருக்கு நாற்காலி போட்டுப் படத்தின் விதியை விளக்கினார்.

"இங்க பாருங்கம்மா, ரொம்ப லேசான வேலை. பூனை திருடணும். தங்கச்சி கத்தணும். அண்ணன் பிஸ்கட் தின்னுட்டு வந்து காப்பாத்தணும். ஆடு சிரிக்க வைக்கணும். நாலு பேருக்கு நாலு வேலை. அம்புட்டுத்தான்."

பங்கஜவல்லி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"வேலை புரியுது சார். ஆளு யாருன்னு சொல்லலையே?"

"ஆளா?"

"இந்தப் பொண்ணு. கத்துறான்னு சொன்னீங்க. கத்துறது சத்தம்தானே, அது ஒரு குணம் இல்லியே. கத்தாதப்ப இவ எப்படி இருப்பா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வரைபலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஏனென்றால் இரண்டு படமாகச் சொப்புவை நான் திறந்த வாயோடு மட்டுமே வரைந்திருந்தேன். வாயை மூடினால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் வாய் மூடிய சொப்புவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பங்கஜவல்லி வீட்டுக்குப் போனார்.

அவர் எழுதிய முதல் படத்தின் கடைசியில் துரை முருங்கை மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொள்வான். முருங்கைக் கிளை முறியும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். தியேட்டரில் நல்ல சிரிப்பு. அடுத்த படத்துக்கு அவர் கொண்டுவந்த கதையில் துரையின் கையில் கட்டுப் போட்டுக் கழுத்தில் தூளி மாதிரித் தொங்கவிட்டிருந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது போன படம். படம் முடிஞ்சா கையும் சரியாப் போச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது?"

"பசங்களுக்கு இருக்கும் சார். நேத்து ஒடிஞ்ச கை இன்னிக்கு நல்லா இருந்தா, நாம பொய் சொல்றோம்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"கட்டுப் போட்ட கையை வெச்சுக்கிட்டு அவன் எப்படி மரம் ஏறுவான்?"

"அவன் ஏற முடியாது. சொப்பு ஏறுவா."

முதலாளிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் பிஸ்கட் கம்பெனி அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. வேறு கதை கைவசம் இல்லை. முதலாளி சம்மதித்தார்.

சொப்பு உடனே ஏறிவிடவில்லை. அதுதான் பங்கஜவல்லி. அந்தப் படத்தில் அவள் மரத்தின் பாதி வரை போய், கீழே பார்த்து, நடுங்கி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். ஆடுதான் மரத்தை முட்டி, கிளையில் மாட்டியிருந்த பந்தை விழவைக்கும். அடுத்த படத்தில் இன்னும் ஒரு கிளை மேலே போவாள். அதற்கடுத்ததில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறக் கற்றுக்கொள்வாள். ஐந்தாவது படத்தில், மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் போஸ்டரைத் தின்றுகொண்டே ஏறிப் போய் மாட்டிக்கொண்ட ஆட்டை மீட்க அவள் உச்சி வரை போய்விட்டாள். உச்சியில் நின்று அவள் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு ஊரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்தவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

புதுப் படம் வந்த வாரம் பங்கஜவல்லி மயிலாப்பூரில் ஒரு தியேட்டருக்கு மேட்னி போவார். என்னையும் மேரியையும் அழைத்துக்கொள்வார். முன்வரிசை பெஞ்சில், பிள்ளைகள் கூட்டத்தில் உட்கார்ந்து, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். பிள்ளைகளின் முகங்களைத்தான் பார்ப்பார். எங்கே கண் விரிகிறது, எங்கே பக்கத்துப் பையனோடு பேச ஆரம்பிக்கிறார்கள் என்று பார்ப்பார். அந்தத் தண்ணீர்த் தொட்டிப் படத்தின்போது ஒரு சிறுமி பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் "உக்காருடி" என்று கத்தினார்கள். பங்கஜவல்லி எழுந்து, "நிக்கட்டும் விடுங்க" என்றார்.

அந்தப் படத்துக்குப் பிறகுதான் அவர் முதலாளியிடம் பெயர் கேட்டார். கதை வசனம் என்று திரையில் முதலாளியின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷப் படம்மா. குழந்தைங்க பேரையா படிக்கப் போவுது?"

"சரி சார். அப்ப உங்க பேரு மட்டும் எதுக்கு?"

முதலாளி சிரித்து மழுப்பிவிட்டார். அவருக்குச் சிரிக்கத் தெரியும். அதில் அவர் மன்னர். பங்கஜவல்லி அதற்கப்புறம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் பலமுறை ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஒருநாள் மேரியே கேட்டுவிட்டாள். அவர் சொன்ன பதில்: "பேருக்குச் சண்டை போட்டா சொப்புவுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது மேரி. ஒண்ணுதான் முடியும்."

அந்தத் தெம்பை அவர் எதற்கெல்லாம் செலவழித்தார் என்று பாருங்கள். துரைக்குப் பயத்தைக் கொடுக்க ஒரு மாசம் வாதாடினார். ஹீரோ பயப்படலாமா என்று முதலாளி குதித்தார். "பயமே இல்லாத பையனை எந்தப் பையன் சார் நம்புவான்?" என்றார் இவர். அந்தப் படத்தில் இருட்டுக் கிணற்றடியில் துரை சொப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான் பயமா இருக்கு" என்பான். ஓர் அண்ணன் தங்கையிடம் அப்படிச் சொல்லி நான் அதுவரை எந்தக் கதையிலும் கேட்டதில்லை. பிறகு பூனையின் கதை. நாலைந்து வருஷமாகத் திருடிக்கொண்டே இருந்த பூனை. ஏன் திருடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பங்கஜவல்லி ஒரு படத்தில் சொப்புவைக் கேட்கவைத்தார். பூனை பதில் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, கடைசியில், "என்னை யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை" என்று சொல்லும். அடுத்த படத்திலும் பூனை திருடியது. ஆனால் திருடியதில் பாதியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனது. இப்படித்தான் அவர் ஆட்களை வளர்த்தார். ஒரே நாளில் யாரையும் திருத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பார்ப்பவர்களுக்குத் தெரியாத அளவில்.

பிறகு கலர் வந்தது. அதோடு பிஸ்கட் கம்பெனிக்குப் புது விளம்பர மேனேஜரும் வந்தார். இங்கிலீஷ் மட்டும் பேசுவார். சொப்புவின் வண்ணப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். நான் அவளைக் கறுப்பாக வரைந்திருந்தேன், நம் தெருவில் விளையாடுகிற பெண் போல. ரோஸ் கலர் அடிக்கச் சொன்னார்.

பங்கஜவல்லி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "கறுப்பு மை தீர்ந்துபோச்சா வேலு சார்?" என்று என்னைக் கேட்பது போல எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நான் இல்லை என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றார். மூன்று நாள் இழுபறி. கடைசியில் கறுப்பும் இல்லாத ரோஸும் இல்லாத ஒரு கோதுமை நிறத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் தோற்ற முதல் சண்டை அது.

இரண்டாவது சண்டையில் அவரை வெளியே அனுப்பினார்கள்.

மேனேஜரும் முதலாளியும் சேர்ந்து புதுத் திட்டம் போட்டார்கள். இனிமேல் துரை தனியாக ராக்கெட்டில் நிலாவுக்குப் போவான், கடலுக்கடியில் போவான். சொப்பு வாசலில் நின்று பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைப்பாள். இந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக முதலில் ஒரு படம். அதில் சொப்பு மரம் ஏறி விழுவாள். துரை வந்து தாங்கிப் பிடிப்பான். அப்போது சொப்புவே சொல்ல வேண்டும்: "இனிமே நான் மரம் ஏற மாட்டேன் அண்ணா. பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

முதலாளி இதைச் சொல்லி முடிக்கும் வரை பங்கஜவல்லி குறுக்கிடவில்லை. நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். டப்பிங்குக்காக வந்த மேரியும் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"சார், இவ ஏறுறதுக்கு அஞ்சு படம் ஆச்சு" என்றார் பங்கஜவல்லி. "எறக்கறதுக்கு ஒரு வரி போதுமா?"

"கம்பெனி கேக்குதும்மா. பையன்களுக்குத்தான் சாகசம் பிடிக்கும்னு சொல்லுதாங்க."

"நீங்க ஒரு தடவையாவது தியேட்டர்ல முன் பெஞ்சுல உக்காந்து பார்த்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"இவ எறங்கினா அந்தப் பெஞ்சுல இருக்கற பொண்ணுங்க எல்லாம் எறங்கணும். நான் எழுத மாட்டேன் சார்."

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. அப்போது அவர் சொன்ன வார்த்தையை அச்சில் ஏற்ற எனக்குக் கூசுகிறது. ஆனாலும் ஏற்றுகிறேன். அவர் அதைச் சொல்லக் கூசவில்லையே.

"ஒரு பிள்ளையைப் பெத்து வளத்திருந்தா உங்களுக்குத் தெரியும். குழந்தைங்களைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லித் தர வந்துட்டீங்க."

பங்கஜவல்லிக்குக் குழந்தை இல்லை. அந்த மாடியில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஆனால் குரல் உயரவில்லை.

"நீங்க பெத்தவர். உங்க பொண்ணு கஷ்டப்பட்டு மேல ஏறினப்புறம் காலைப் பிடிச்சு இழுப்பீங்களா?"

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

பங்கஜவல்லி குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் தூரிகைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை; பலகை எழுதினால் எனக்குச் சோறு கிடைக்கும் என்று தெரியும். மேரியின் கதை அப்படி இல்லை. அவள் வீட்டுக்காரர் நோயில் படுத்த படுக்கையாக இருந்தார். ஆனாலும் டப்பிங் அறையில் அந்த வரி வந்தபோது அவள் மைக்கை விட்டு விலகி நின்றுவிட்டாளாம். "இத்த நான் பேச மாட்டேன் சார். சொப்பு இப்டி சொல்ல மாட்டா." வேறு யாரையோ கூட்டிவந்து பேசவைத்தார்கள்.

அந்தப் படம் வெளியானபோது மூன்று பேரும் போனோம். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "போய்ப் பார்க்காம எப்படி?" என்றார் அவர். அன்றைக்கு மட்டும் அவர் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

சொப்பு மரம் ஏறினாள். விழுந்தாள். துரை பிடித்தான். அந்த வரி வேறொரு குரலில் வந்தது. உடனே முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து கத்தினான்.

"டேய், இவ ஏறுவாடா! தண்ணி டாங்க் மேலயே ஏறினவடா இவ!"

"இது சொப்பு இல்ல!" என்று ஒரு பெண் குழந்தை கத்தியது. "ஏய், சொப்பு எங்க?"

அவ்வளவுதான். பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டது. காலால் தரையைத் தட்டினார்கள். பிஸ்கட் பாக்கெட் திரைக்கு வந்தபோது யாரோ அதன் மேல் கடலைப்பொட்டலத்தை எறிந்தார்கள். தியேட்டர் ஆட்கள் டார்ச் லைட்டோடு ஓடிவந்தார்கள். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பங்கஜவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "எட்டு வயசுப் பசங்களுக்குத் தெரியுது வேலு சார். அத்தனை பெரிய கம்பெனிக்குத் தெரியலை. தெரியலைன்னா பரவாயில்லை, கேட்டிருக்கலாமில்ல?" என்று நடுரோட்டில் நின்று கத்தினார். ரிக்‌ஷாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நாலைந்து படங்கள்தான் வந்தன. பிள்ளைகள் முன்னதாக ஓடிவருவதை நிறுத்திவிட்டார்கள். தொடர் நின்றது. ஊரில் டெலிவிஷன் வந்துவிட்டதால் நின்றது என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். அப்போது கம்பெனி இருந்த தெருவிலேயே ஒருவர் வீட்டில்தான் டெலிவிஷன் இருந்தது.

பங்கஜவல்லி ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலைக்குப் போனார். மாலையில் எழுதினார். சொப்புவை விட அவருக்கு மனமில்லை. ஒரு சிறுவர் பத்திரிகைக்குச் சொப்புவின் புதுக் கதையைக் கொடுத்தார். அது அச்சாகும் முன்பே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. சொப்பு, துரை, ஆடு, பூனை எல்லாம் கம்பெனியின் சொத்தாம். பங்கஜவல்லி அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் வழக்காம். பத்திரிகைக்காரர்கள் பயந்துபோய்க் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு பெண்ணுக்கு முகம் கொடுத்து, பயம் கொடுத்து, ஒவ்வொரு கிளையாக ஏற்றிவிட்டவர். அவரிடம் போய், அவளைப் பற்றி நீ பேசக்கூடாது என்று நோட்டீஸில் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மனிதருக்கு எப்படிக் கை வந்தது? இதைக் கேட்கத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவர் பதில் சொல்ல மாட்டார் என்று தெரியும். நீங்களாவது கேளுங்கள்.

கடைசியாக நான் பங்கஜவல்லியைப் பார்த்தது சில மாதங்களுக்கு முன்பு. அச்சக வாசலில் டீ குடித்தோம். மேரியும் வந்திருந்தாள். பேச்சுக்கு நடுவே, "சொப்புவுக்கு இப்போ பதினேழு, பதினெட்டு இருக்கும்" என்றார் பங்கஜவல்லி. "காலேஜ் போயிருப்பா."

"இன்னா படிக்கிறாக்கா?" என்று கேட்டாள் மேரி.

"தெரியலையே மேரி. யோசிச்சாலே கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

அவர் போய் இரண்டு வாரத்தில் அடையாறில் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் தலைமை தாங்க அழைத்தது முதலாளியை. பங்கஜவல்லியின் படத்துக்கு அவர் ரோஜா மாலை போட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார். எல்லாம் முறையாகச் செய்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"சொப்புங்கற அந்தக் குட்டிப் பொண்ணை உங்களுக்கெல்லாம் தெரியும். வீட்ல எம் மக விளையாடுததைப் பார்த்துப் பார்த்து நான் உருவாக்குன பொண்ணு அது. மரம் ஏறுறதெல்லாம் எம் மகதான். அம்மா பங்கஜவல்லி அதுக்கு வசனம் எழுதி எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாங்க..."

எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பொய் சொல்லாதீங்க."

மண்டபமே திரும்பியது. அது குழந்தை இல்லை. நாற்பது வயது மேரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது சொப்புவின் குரல். அந்தக் குரலை அங்கிருந்த எல்லோரும் தியேட்டரில் கேட்டிருக்கிறார்கள். பல வருஷமாக யாரும் கேட்கவில்லை. முதலாளி மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"என்னை எழுதினது பங்கஜம்மா" என்றது அந்தக் குரல். "மரத்துல ஏத்தினது அவங்க. எறக்கினது நீங்க."

"யாரும்மா அது? இது துக்கக் கூட்டம்" என்றார் ஏற்பாட்டாளர் ஒருவர் பதறிப்போய்.

அப்போது மேரிக்குத் தன் குரல் திரும்பிவிட்டது. "துக்கம்னா பொய் பேசலாமா? இன்னாய்யா நியாயம் இது? செத்துப் போனவங்க எய்ந்து வந்து கேக்க மாட்டாங்கன்னு தைரியமா? நான் கீறேன்ல, நான் கேப்பேன். அவங்க சொன்னத்த எல்லாம் நான்தான வாயால பேசினேன். ஒத்த வார்த்த நீ எய்தினியா? சொல்லு!"

நானும் எழுந்து நின்று, "மேரி சொல்வது உண்மை. நான் வரைந்தவன். எனக்குத் தெரியும்" என்றேன். என் குரல் எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள். முதலாளி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பக்கவாட்டு வழியாகக் காருக்குப் போய்விட்டார். போகும்போது பங்கஜவல்லியின் படத்தை அவர் பார்க்கவில்லை. நான் கவனித்தேன்.

கூட்டம் அப்படியே கலைந்தது. சிலர் எங்களிடம் வந்து, இன்னொரு சந்தர்ப்பத்தில் சொல்லியிருக்கலாமே என்றார்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் என்று கேட்டேன். நகர்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும் மேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அவங்க பேரை இன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிவராமன் சாரை வீட்டுக்கு அனுப்ப நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவர் அதிகம் பேசாத மனிதர். தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுபவர். கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மேரி அவரிடம், "மன்னிச்சுக்கோ சார், உங்க எதிர்ல கத்திட்டேன்" என்றாள்.

அவர் தலையசைத்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போலக் கேட்டார்:

"அம்மா, அந்தக் குரல்ல இன்னொரு தடவை பேசுவீங்களா? அவ ராத்திரி எழுதறப்போ வாய்க்குள்ளயே அந்தப் பொண்ணு மாதிரி பேசிப் பார்த்துப்பா. அடுத்த ரூம்ல படுத்துண்டே கேட்டுண்டு இருப்பேன். இப்போ வீட்ல சத்தமே இல்லை."

மேரி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதித் தந்தவர் இல்லையே. அதற்குள் பஸ் வந்து நின்றது. நல்ல கூட்டம். மேரி அவர் முழங்கையைப் பிடித்துப் படி வரை கூட்டிப்போனாள்.

"பஸ் வந்துடுச்சு, ஏறுங்க" என்றாள் சொப்புவின் குரலில். "கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. வீட்டுக்குப் போனதும் சாப்பிடணும், என்ன?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். சிவராமன் சார் படியில் நின்றபடி, "சரிம்மா" என்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

பங்கஜவல்லி அம்மா, என் கோபம் இன்னும் தணியவில்லை. அது தணியும் வரை காத்திருந்தால் உங்களுக்கு விடை கொடுக்கவே முடியாது. இந்தக் கோபத்தோடுதான் கைகூப்புகிறேன். போய் வாருங்கள்.